அளவுக்கு ஓர் உள்ளங்கை

அந்த அறைக்குள் நிறத்தோடு நுழைய எவருக்கும் அனுமதி கிடையாது. சுவர் சாம்பல் நிறம், மேசையும் அப்படியே, சன்னலை அடைத்துத் தொங்கிய கனத்த திரைச்சீலையும் அப்படியே. உள்ளே வேலை செய்பவள் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் அங்கிகூடச் சாம்பல்தான். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கணினித் திரைக்கு முன்னால் வந்து நின்றால், அந்தச் சிவப்பு திரையின்மேல் லேசாகப் படியும். படிந்ததைக் கண் படத்தின் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். உடனே கை அதைத் திருத்தப் போகும். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை விழும். இப்படித்தான் அவள் விளக்குவாள். ஒருமுறை விளக்கம் கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

தம்பி மட்டும் வேண்டுமென்றே ஆரஞ்சு நிறத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்பான்.

"ஜட்ஜம்மா, கோர்ட்டுக்குள்ள வரலாமா?"

"துண்டை வெளியில வெச்சிட்டு வா."

"துண்டைக் கழட்டினா வேற கேஸ் ஆயிடும்க்கா. உள்ள சட்டை போடலை."

அவ்வளவுதான் உரையாடல். படங்கள் அடங்கிய சிறு பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவான். மாடியில் அவள் அறை. கீழே அவனும் அவன் மனைவியும். எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஒரு சமையலறை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அக்காவும் தம்பியும் பகல் வெளிச்சத்தில் நேருக்கு நேர் நின்று பேசியது கடைசியாக எப்போது என்று கேட்டால் இருவருமே யோசிக்க வேண்டியிருக்கும்.

தம்பி கடலுக்குள் இறங்கி மீன்களையும் பவளப் புதர்களையும் படம் எடுப்பவன். அக்கா அந்தப் படங்களுக்கு நிறத்தைத் திருப்பித் தருபவள். 'திருப்பித் தருதல்' என்ற சொல்லில் அவள் கறாராக இருந்தாள். யாராவது, "நீங்கதான் கலர் ஏத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். "நான் எதையும் ஏத்துறதில்லை. தண்ணி எடுத்துக்கிட்டதைக் கேட்டு வாங்குறேன்" என்பாள்.

தண்ணீர் எடுத்துக்கொள்வது உண்மைதான். கடலில் இறங்க இறங்க முதலில் மறைவது சிவப்பு. பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். எஞ்சுவது பச்சையும் நீலமும் மட்டுமே. கையைக் கிழித்துக்கொண்ட இடத்தில் ஆழத்தில் தன் ரத்தம் பச்சையாகக் கசிந்ததை, தம்பி ஒருமுறை விருந்தாளிகள் நடுவே விவரித்து, பாதிச் சாப்பாட்டில் பலரை எழ வைத்த பெருமைக்கு உரியவன். கேமராவோடு கொண்டுபோகும் ஃபிளாஷ் விளக்கு இழந்த நிறத்தில் கொஞ்சத்தை மீட்டுத் தரும். மீதியை மீட்பது மாடியறையின் பொறுப்பு.

மீட்பதற்கு ஓர் அளவு வேண்டும். தரையில் இன்ன நிறம் என்று ஐயமின்றித் தெரிந்த ஒரு பொருள் தண்ணீருக்குள் எடுத்த படத்திலும் இருக்க வேண்டும். அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தால், சுற்றியிருப்பவை எல்லாம் கூடவே தம் நிறத்துக்குத் திரும்பும். இதற்காகவே எல்லோரும் சிறிய வெள்ளைப் பலகை ஒன்றைக் கொண்டுபோவார்கள். தம்பி முதல் வருடத்திலேயே மூன்று பலகைகளைக் கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டு, நான்காவதை வாங்க மறுத்தான்.

"ஒரு கையில கேமரா, ஒரு கையில விளக்கு. பலகையை வாயில கவ்விக்கவா? வாயிலதான் காத்துக் குழாய் இருக்கே."

அப்படித்தான் உள்ளங்கை வந்தது. ஒவ்வோர் இடத்திலும் முதல் படம் அவனுடைய இடது உள்ளங்கை. லென்சுக்கு முன்னால் கையை நீட்டி விரித்து, ஒரு படம், பிறகுதான் மீன். அதற்காகவே அவன் இடது கையில் உறை போடுவதில்லை. யோசனை அவனுடையது என்றாலும், அதற்கு நியாயம் கண்டுபிடித்தவள் அவள். முகம் வெயிலில் கறுக்கும், புறங்கை கறுக்கும், உள்ளங்கை மட்டும் கறுக்காது. இவன் ஆயுள் முழுவதும் படகில் காய்ந்தாலும் அது அப்படியே இருக்கும். மொட்டைமாடியில் நல்ல வெளிச்சத்தில் அவன் உள்ளங்கையை ஒருமுறை முறைப்படி படம் எடுத்து, அதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கணினியில் பதிந்துவைத்தாள். அன்று முதல், கடலின் எந்த மூலையிலிருந்து எந்த மீன் வந்தாலும், அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுத்தான் தன் நிறத்தைப் பெற்றது.

கண்ணை அவள் நம்புவதில்லை. கண் நம்பத் தகாத சாட்சி. பழகிவிட்ட எதையும் அது வெள்ளை என்று சத்தியம் செய்யும். எண்கள் பழகுவதில்லை. இது அவள் கொள்கை. ஜட்ஜம்மா என்ற பட்டம் சும்மா வந்ததல்ல.

பேராசிரியை வந்தது ஒரு முற்பகலில். கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பவர். அதன் படங்கள் அனைத்தும் இந்த வீட்டிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. சீக்கிரம் புறப்படவிருந்த ஆராய்ச்சிக் கப்பலுக்குப் படமெடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அந்தக் கப்பலில் ஓர் இடம் என்பது தம்பிக்குப் பல வருடத்து ஏக்கம். இதுவரை யாரும் இறங்கிப் படமெடுக்காத பாறைத் தொடர்கள், மாதக்கணக்கில் கடல். அவன் ஏற்கெனவே பெட்டி வாங்கியிருந்தான், புதுக் கறுப்புக் கண்ணாடி வாங்கியிருந்தான். அக்கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

"வீட்டுக்குள்ள எந்தச் சூரியன் அடிக்குது?" என்று அவன் மனைவி கேட்பாள். துணி தைக்கும் தொழில் அவளுக்கு; சொல்லும் ஊசி மாதிரி வரும்.

"நீதான்" என்பான் அவன்.

பேராசிரியை கூடத்துச் சன்னலோரம் உட்கார்ந்து, கொண்டுவந்த மாதிரி அச்சுகளை மடியில் விரித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கடைசியா வந்த படங்கள்ல ஒரு நீலம் பாரிச்சிருக்கு."

"கடல் படத்துல நீலம் இருக்கத்தானே மேடம் செய்யும்."

"தண்ணியில இருந்தா நான் எதுக்கு வர்றேன்? மீன் வயித்துல இருக்கு. மணல்ல இருக்கு. இந்த நண்டைப் பாருங்க, குளிர்ல வெறச்சவன் மாதிரி நிக்கிறான்."

அவள் நண்டைப் பார்த்தாள். முதலில் தோன்றியது, எந்த விளக்கின் கீழ் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது. பேராசிரியை சன்னல் வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சூரியன்மேல் வழக்குப் போட முடியாது. இத்தனை வருடத்தில் அவளிடமிருந்து போன படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இப்போது ஒரு கட்டே மடியில் கிடந்தது.

"முதல்ல வந்த படங்கள் சுத்தமா இருந்துச்சு" என்றார் பேராசிரியை. "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. ஃபிளாஷ் கெட்டுக்கிட்டு வருதா, கேமரா கெட்டுக்கிட்டு வருதான்னு எனக்குத் தெரியலை. நடுக்கடல்ல வெச்சு மக்கர் பண்ணினா மாத்த முடியாதும்மா. இந்த வாரத்துக்குள்ள காரணம் சொல்லுங்க. சொன்னாத்தான் தம்பி பேரை எழுதுவேன். இன்னொருத்தர் தயாரா இருக்காரு, அதையும் மறைக்க விரும்பலை."

அன்று இரவு சமையலறைச் சாப்பாட்டு மேசையில் தம்பி தட்டை அளைந்துகொண்டிருந்தானே தவிர, சாப்பிடவில்லை. கவலை என்று அக்காவும் அவன் மனைவியும் எடுத்துக்கொண்டார்கள்.

"என் ஃபிளாஷ் நல்லாத்தான் இருக்கு" என்றான் முன்கையைச் சொறிந்துகொண்டே. "வேணும்னா சோதிச்சுப் பாரு. கடல் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. கேமரா மேல இருக்கு. உன் மேலயும் கொஞ்சம் இருக்கு."

"சொறியறதை நிறுத்து. பார்க்கவே அரிக்குது" என்றாள் மனைவி.

"ஜெல்லி மீன் தடவிட்டுப் போயிருக்கு. பாசத்துல."

"அதுக்காவது பாசம் இருக்கே. இடுப்புல ஒரு பிடி குறைஞ்சிட்டாரு அக்கா. ரெண்டு பேன்ட்டைப் பிடிச்சுத் தெச்சாச்சு. கப்பலுக்கு ஒடம்பைத் தயார் பண்றாராம்."

தலைக்கு மேல் மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த பல்பைப் பற்றி அக்காவுக்கு நெடுநாள் புகார் உண்டு: அதன் கீழ் சோறு மஞ்சள், சுவர் மஞ்சள், மனிதர்களும் மஞ்சள். வருடக்கணக்காகச் சொல்லி அலுத்துப்போய், மேசையில் உட்கார்ந்ததுமே அந்த மஞ்சளை மனத்துக்குள் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகியிருந்தாள். அன்றும் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்; வழக்கம்போலக் கழித்தாள்; கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

விசாரணையை அவள் முறைப்படி தொடங்கினாள். முதல் குற்றவாளி தன் திரை. அளவுக் கருவியை அதன்மேல் ஒட்டவைத்துச் சோதித்தாள், திரை குற்றமற்றது. அடுத்தது ஃபிளாஷ். தம்பியை மொட்டைமாடிச் சுவரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். சுண்ணாம்புச் சுவர் சுண்ணாம்பாகவே வந்தது. கேமராவும் அதோடு விடுதலை. கடல் கலங்கியிருந்ததோ என்று பார்த்தாள். கலங்கல் என்றால் பச்சை ஏறும், நீலம் அல்ல. அதுவும் ஒரே இடத்தில் ஏறலாம். வெவ்வேறு இடங்களில் வரிசையாக, படியேறுவதுபோல ஏறாது.

எஞ்சியது அவள்.

இரண்டு நாட்கள் அந்த எண்ணத்தோடு இருந்தாள். மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடித்தே வாழ்ந்தவளுக்குத் தன்னுடையதைத் தேடும் வேலை கைவரவில்லை. திருத்திய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பழைய உள்ளங்கைகளையும் புதிய உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறத்தில், வார்த்து எடுத்ததுபோல இருந்தன. நிம்மதியாக இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது: அவை ஒரே நிறத்தில் இருக்காமல் வேறெப்படி இருக்கும்? அப்படி ஆக்கியவளே அவள்தானே. தீர்ப்பையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருந்தாள்.

வேறொரு சாட்சி வேண்டும். மணலைக் கேட்கலாம், ஆனால் மணல் ஊருக்கு ஒரு நிறம். மீன் வயிறு அதைவிட மோசம். கடைசி வாரப் படம் ஒன்றை, வெட்டாமல், முழுதாகத் திறந்தாள். விரித்த உள்ளங்கை, அதற்குக் கீழே, இத்தனை காலமும் தேவையில்லை என்று அவள் ஒதுக்கிவந்த மணிக்கட்டு, அதில் கட்டியிருந்த ஆழமானி. கைக்கடிகாரம் மாதிரி வட்டமாக, வெள்ளை முகத்தோடு இருந்தது.

அவள் திருத்தக் குறியை அந்த வெள்ளை முகத்தின் நடுவில் வைத்து, இதுதான் வெள்ளை என்று கணினிக்குச் சொன்னாள்.

படம் ஒரு கணம் கண்ணைச் சிமிட்டியதுபோல மாறியது. நீலம் வடிந்துவிட்டது. மணல் வெளுத்தது. அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் அதே அளவைக் கொடுத்தாள். குளிரில் விறைத்திருந்த நண்டு உயிர் பெற்றது. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. உள்ளங்கை மஞ்சளாகியிருந்தது.

அவள் அதை நம்பவில்லை. ஆழமானி பழுத்திருக்கலாம் அல்லவா? முதல் படங்களுக்குப் போனாள். அவற்றில் ஆழமானியை வெள்ளை என்றாலும் சரி, கையைப் பழைய கை என்றாலும் சரி, ஒரே படம் கிடைத்தது. இரு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் தந்தார்கள். பிறகு வந்தவற்றில் லேசான முரண். அதற்கும் பிறகு கூடுதல். கடைசி வாரத்தில் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் மறுத்தார்கள். இருவரில் ஒருவர் மாறியிருக்கிறார். மணலும் நண்டும் ஆழமானியின் பக்கம் நின்றன. ஆழமானி உலோகமும் எனாமலும். மற்றது சதை.

மாறியது கை. கை மஞ்சளாக ஆக, அதைப் பழைய கையாக்கும் பொருட்டு, அவள்தான் படத்துக்குப் படம் நீலத்தை ஊற்றியிருக்கிறாள். அவன் உடம்பிலிருந்து ஒரு நிறம் எட்டிப் பார்த்துச் சொல்ல வந்ததை, ஒவ்வொரு வாரமும், மிகுந்த துல்லியத்தோடு, அழித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பேன்ட் இடுப்பு. அளைந்த தட்டு. ஜெல்லி மீன். கழற்றாத கறுப்புக் கண்ணாடி. மஞ்சள் பல்பு. எல்லாம் அவள் முன்னாலேயே இருந்தவை. எண்ணாக இல்லாததால் அவற்றை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. ஆரஞ்சுத் துண்டு வாசலில் தெரிந்தது.

"ஜட்ஜம்மா, தீர்ப்பு வந்துச்சா? நானா, கேமராவா, கடலா?"

"உள்ள வா."

"துண்டு..."

"துண்டோட வா."

அவன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. தயங்கித் தயங்கி உள்ளே வந்து திரைக்கு முன் நின்றான். இரண்டு உள்ளங்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இது போன வருஷம். இது போன வாரம். ரெண்டும் உன் கை. படத்துல தப்பில்லைடா. உன் கைதான் மஞ்சளா இருக்கு."

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான்.

"அக்கா, இதை நீ என்கிட்ட காட்டுற! கம்ப்யூட்டர்ல காக்காவை வாத்தாக்கலாம்னு சொன்னதே நீதானே. ரெண்டு தட்டு தட்டினா என் கையைப் பச்சையாக்கலாம், ஊதாவாக்கலாம். பொழுது போகலையா உனக்கு?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. வாழ்நாள் முழுதும் திரையில் இருப்பதை நம்பாதே என்று போதித்தவள், இப்போது திரையைக் காட்டி நம்பு என்கிறாள். எழுந்து அங்கியைக் கழற்றி நாற்காலிமேல் போட்டாள்.

"மொட்டைமாடிக்கு வா."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான்."

மேலே அவன் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அக்கா அதன் ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தன் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"நீயும் வை."

"இது என்ன சத்தியப் பிரமாணமா?" என்றான். ஆனாலும் வைத்தான்.

இரண்டு கைகள்; ஒரே தாய் வயிற்றுக் கைகள்; நடுவே வெள்ளைத் துணி; மேலே பகல். எந்தக் கருவியும் இல்லை. அவன் சிரிப்பு உதட்டில் தங்கியபடியே நின்றது. கையைத் திருப்பினான், மீண்டும் திருப்பினான். துணியில் துடைத்துப் பார்த்தான்.

அவன் மனைவி ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு அருகில் வந்தாள். கையைப் பார்க்கவில்லை. எட்டி அவன் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெயிலுக்குக் கண் கூசியது. கூசிய கண்ணை அவள் தன் பெருவிரலால் லேசாக விரித்துப் பிடித்தாள்.

"அக்கா" என்றாள்.

விழியின் வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் வெண்மை இல்லை.

முதலில் பேசியவன் தம்பிதான். குரலில் விளையாட்டு இல்லை.

"சரி. பார்த்துக்கலாம். காரணம் தெரிஞ்சிடுச்சு இல்ல? கேமராவும் ஃபிளாஷும் நல்லா இருக்கு. புரொஃபசர்கிட்ட செட்டிங்ல சின்னத் தப்பு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடு. பொய்யும் இல்லை. கப்பல் போயிட்டு வரட்டும். வந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன்."

"அவங்க காரணம் கேட்டிருக்காங்க."

"பாதிக் காரணம் சொல்லேன். இத்தனை வருஷத்துல உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான்க்கா."

கேட்டதில்லைதான். அவள் அவனைப் பார்த்தாள். பொய் சொல்வது எளிது. படங்களைத் திருத்துவது அதைவிட எளிது. ஒரு பகல் உட்கார்ந்தால் ஒவ்வொரு நண்டும் தன் நிறத்தில் இருக்கும், பேராசிரியை மகிழ்வார், பெட்டி கிளம்பிவிடும்.

"படத்தை நான் சரி பண்ணிடுவேன்" என்றாள். "இதுவரைக்கும் அதைத்தானே பண்ணிட்டு இருந்தேன். நீ மஞ்சளாக ஆக, நான் சரி பண்ணிக்கிட்டே இருந்தேன். இன்னொரு தடவை பண்ணச் சொல்லாதே."

"அவன் போயிடுவான்க்கா. அந்த இன்னொருத்தன்."

"போவான்."

"ஈவு இரக்கமே இல்லாத ஜட்ஜ்."

"ஆமா."

அவன் மனைவி இந்த வழக்கில் எந்தத் தரப்பையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"செருப்பை எடுத்து வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வரீங்களா, இல்ல நான் தூக்கிட்டுப் போகணுமா?"

பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. கல்லீரல் கொஞ்சம் வதைபட்டிருந்தது, கெட்டுப்போகவில்லை. அறுவை செய்து அடைப்பை எடுத்தாக வேண்டும், பிறகு பல வாரம் ஓய்வு, அதுவரை படியைக்கூட மெதுவாகத்தான் இறங்க வேண்டும், கடலை நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். அவர் பேசும்போது தம்பி மேசைமேல் இருந்த நாள்காட்டியைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியைக்கு அக்கா தொலைபேசியில் முழுக் காரணத்தையும் சொன்னாள். வரிசை பிசகாமல், தன் பங்கைக் குறைக்காமல் சொன்னாள்.

"இப்படி ஒரு காரணத்தை நான் எதிர்பார்க்கலைம்மா" என்றார் பேராசிரியை. பிறகு, தொழில் குரலில், "கப்பல்லேருந்து வர்ற படங்களை நீங்களே செய்வீங்களா?" என்று கேட்டார். செய்வதாகச் சொன்னாள். அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

கப்பல் புறப்பட்ட நாளில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வீடு வந்த பிறகும் அவளோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டான். சாப்பிடுவான், நன்றாக இருக்கிறேன் என்பான், போய்விடுவான். ஜட்ஜம்மா என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்றான். அந்த மரியாதை அவளுக்கு உறுத்தியது. சமையலறையில் யாரும் சொல்லாமலே தம்பியின் மனைவி வெள்ளை பல்பு மாட்டிவிட்டாள். அதன் கீழ் மூவரும் கழுவி வைத்த பாத்திரங்கள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கப்பல் படங்கள் வரத் தொடங்கின. ஒவ்வோர் இடத்திலும் முதல் படம் வெள்ளைப் பலகை. நேராகப் பிடித்த, சுத்தமான பலகை. வேலை பாதி நேரத்தில் முடிந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. தினமும் அவள் குறை ஏதாவது தேடினாள்.

ஒருநாள் காலையில் வாசற்படியில் நிழல் விழுந்தது. ஆரஞ்சுத் துண்டு. அவன் மெலிந்திருந்தான், படியேறி வந்ததற்கு மூச்சு வாங்கியது. வரலாமா என்று கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். துண்டின் நிறம் திரையின் ஒரு மூலையில் வந்து படிந்தது. அவள் அதை அப்படியே விட்டாள்.

திரையில் ஒரு மீன் இருந்தது. பாறை இடுக்கில் நின்ற, பெரிய கண்ணுள்ள, உடம்பு முழுவதும் சிவந்த மீன்.

"ஃபிளாஷ் போடாம எடுத்தது இருந்தா காட்டு" என்றான்.

காட்டினாள். அதே பாறை இடுக்கு; மீன் இருந்த இடத்தில் கருமை மட்டும், அதில் ஒரு கண்.

"அங்க அது இப்படித்தான் இருக்கும்" என்றான். "சிவப்புங்கிறது அந்த ஆழத்துல இருட்டுதான். அதுக்கே தெரியாது தான் சிவப்புன்னு. நாம விளக்கைத் தூக்கிட்டுப் போனாத்தான்..." நிறுத்தினான். திருத்திய படத்துக்குத் திரும்பச் சொன்னான். நெடுநேரம் பார்த்தான். தான் எடுத்திருக்க வேண்டிய படம் என்று அவன் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றான் கடைசியில். "விளக்கை ஒரு முழம் தள்ளி வெச்சிருக்கலாம். ஆனா நல்லாத்தான் எடுத்திருக்கான்."

"ஆமா."

"பலகை வெச்சிருக்கானே."

"வெச்சிருக்கான்."

"பலகைக்கு ஒண்ணும் வராது."

"வராது. ஒண்ணும் சொல்லவும் சொல்லாது."

அவன் இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி விரித்தான். கடலுக்கு அடியில் லென்சுக்கு முன்னால் நீட்டுவதுபோலவே, முழங்கை மடங்காமல், விரல் ஐந்தும் விரிய.

"இப்ப எப்படி?"

பழக்கத்தில் அவள் கை கணினியை நோக்கிப் போனது. பதிந்துவைத்த பழைய உள்ளங்கையின் எண்கள் அங்கே இருந்தன. பாதியில் நிறுத்தினாள். எழுந்து போய்ச் சன்னலின் திரைச்சீலையை இழுத்தாள். வருடக்கணக்காக இழுக்காததால் கம்பியில் சிக்கிக்கொண்டு, இரண்டாம் முறை இழுத்தபோது தூசோடு வழிவிட்டது. வெயில் அறைக்குள் அப்படியே கொட்டியது. சாம்பல் சுவர் என்று அவள் நம்பியிருந்தது அவ்வளவு சாம்பலாக இல்லை. ஓரத்தில் பச்சை ஏறியிருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்த்தாள். பிறகு அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்."

"எண் சொல்லுக்கா."

"தெரியலைடா."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். வாய் ஓரம் லேசாக இழுபட்டது. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, உடம்பு தேறாத குரலை முடிந்த மட்டும் உயர்த்தினான்.

"ஏய், மேல வந்து பாரு! ஜட்ஜம்மாவுக்கு எண் தெரியலையாம்!"

கீழே தையல் இயந்திரம் நின்றது. "கத்தாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று குரல் வந்தது. எந்தத் தையல் என்று அவள் சொல்லவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலித்ததால் பாதியில் நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா திரைச்சீலையை மூடப் போனாள்.

"இருக்கட்டும்" என்றான் அவன். "கொஞ்ச நேரம்."